ஒரே தெருவில் நான்கு சபைகள்: சேர்ந்து தொண்டு செய்வது என்றால் என்ன?

ஒரு தெருவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த முனையில் ஒரு கத்தோலிக்க ஆலயம், அந்த முனையில் ஒரு பெந்தெகொஸ்தே சபை, நடுவில் நூறாண்டு கண்ட ஒரு சீர்திருத்தச் சபை, பின்சந்தில் ஒரு வீட்டு மாடியில் கூடும் சிறிய ஜெபக்குழு. ஒரு நாள் மழை கொட்டித் தீர்க்கிறது. தாழ்வான வீடுகளுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். நான்கு சபைகளும் பதறிக்கொண்டு ஓடி வருகின்றன. தெருவைப் பார்த்த முதல் வீட்டுக்கு மூன்று நாளில் நான்கு போர்வைகள் வந்துவிடுகின்றன. அந்த வீட்டுக்குப் பின்னால், சந்துக்குள், படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவருக்கு ஒரு போர்வைகூடப் போய்ச் சேரவில்லை. யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. நான்கு சபையாரும் மனம் இரங்கித்தான் வந்தார்கள். அடுத்தவர் என்ன செய்கிறார் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்று இயேசு சொன்னார். தர்மம் செய்பவன் தம்பட்டம் அடிக்கக்கூடாது என்பதற்காகச் சொன்ன சொல் அது. ஆனால் ஒரே ஊரில் இருக்கும் சபைகள் இதை வேறுவிதமாகக் கடைப்பிடித்துக்கொண்டிருக்கின்றன. தம்பட்டம் குறையவில்லை, ஒரு கை செய்வது மறு கைக்குத் தெரியாமல் இருப்பது மட்டும் நடக்கிறது. சந்துக்குள் இருக்கும் முதியவருக்கு இதனால் வரும் நஷ்டம் சிறியதல்ல. சபைகள் சேர்ந்து தொண்டு செய்வது என்ற கருத்தை நான் எப்போதும் அவருடைய வாசலில் நின்றுதான் விளக்கத் தொடங்குவேன்.

சேர்ந்து செய்வது வேறு, சேர்ந்துவிடுவது வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சபைகள் சேர்ந்து செயல்படுவது என்றதும், பலருக்கு எல்லாச் சபைகளும் ஒன்றாகிவிட வேண்டும் என்று சொல்வதாகத் தோன்றுகிறது. உடனே அச்சம் வருகிறது. நம் ஞானஸ்நான முறை என்ன ஆவது, நம் திருவிருந்து என்ன ஆவது, நம் ஆயரை யார் நியமிப்பது என்று கேள்விகள் எழுகின்றன.

சபைகள் அமைப்பு முறையில் ஒன்றாவது தனிப் பாதை. அதற்கு ஒரு பெரிய எடுத்துக்காட்டு தென்னிந்தியத் திருச்சபை. 1919-ல் தரங்கம்பாடியில் பல சபைகளின் ஊழியர்கள் கூடி, பிரிந்திருப்பது சரியல்ல என்று அறிக்கை விடுத்தார்கள். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் ஏற்கெனவே இணைந்து உருவாகியிருந்த ஐக்கிய சபையும் ஒரே திருச்சபையானது 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னையின் புனித ஜார்ஜ் பேராலயத்தில். நடுவில் 28 ஆண்டுகள் ஓடிவிட்டன. அத்தனை ஆண்டுப் பேச்சும் தேவையானதே. அவசரப்பட்டு முடிக்கும் காரியம் அல்ல அது. ஆனால் தெருவில் தண்ணீர் புகுந்த வீட்டுக்குப் போர்வை கொடுக்க 28 ஆண்டு காத்திருக்க முடியாது.

சேர்ந்து தொண்டு செய்வது இதைவிட மிக எளிய ஏற்பாடு. ஒவ்வொரு சபையும் தன் நம்பிக்கை, வழிபாட்டு முறை, தலைமை ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொள்கிறது. ஊர் மக்களின் ஒரு தேவையை எடுத்துக்கொண்டு, ஆளையும் இடத்தையும் பணத்தையும் பொதுவில் போட்டு, பொறுப்பைப் பங்கிட்டுக்கொண்டு செய்கிறது. ஞாயிறு காலையில் அவரவர் ஆலயத்துக்குப் போகிறார்கள். சனிக்கிழமை மாலையில் நான்கு சபையாரும் ஒரே மேசையைச் சுற்றி நிற்கிறார்கள்.

1952-ல் சுவீடனின் லுண்ட் நகரத்தில் கூடிய ஒரு சர்வதேசத் திருச்சபை மாநாடு சபைகளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டது. ஆழ்ந்த கொள்கை வேறுபாடு காரணமாகத் தனித்துச் செய்தே தீர வேண்டியவற்றைத் தவிர, மற்ற எல்லாவற்றையும் நாம் சேர்ந்தே செய்ய வேண்டாமா என்பது அதன் சாரம். லுண்ட் கோட்பாடு என்று இதைச் சொல்கிறார்கள். இதில் எனக்குப் பிடித்தது, சுமையை அது மாற்றி வைக்கும் விதம். வழக்கமாக, சேர்ந்து செய்யலாம் என்பவர்தான் காரணம் காட்ட வேண்டியிருக்கிறது. லுண்ட் கேட்டபடி பார்த்தால், தனியாகச் செய்வேன் என்பவர் காரணம் சொல்ல வேண்டும். மாலை நேரப் பாடவகுப்பு நடத்துவதற்கும் ரத்ததான முகாம் வைப்பதற்கும் எந்தக் கொள்கை வேறுபாடு குறுக்கே நிற்கிறது? யோசித்துப் பார்த்தால், பெரும்பாலும் ஒன்றும் இல்லை.

எக்குமெனிக்கல் என்ற சொல்லை இந்த வட்டாரங்களில் அடிக்கடி கேட்பீர்கள். ஒய்குமெனே என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது; மக்கள் குடியிருக்கும் உலகம் என்று பொருள். வீட்டைக் குறிக்கும் ஒய்கோஸ் அதன் வேர்ச்சொல். சபைகளின் ஒற்றுமையைக் குறிக்கும் சொல்லுக்குள்ளேயே ஆலயத்துக்கு வெளியே குடியிருப்பவர்களும் வந்துவிடுகிறார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது.

பழைய கதை ஒன்று

இது இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. புதிய ஏற்பாட்டைத் திறந்தால், சபைகள் சேர்ந்து செய்த ஓர் உதவியின் கணக்கே அதற்குள் கிடைக்கிறது.

எருசலேமில் இருந்த விசுவாசிகள் வறுமையில் வாடினார்கள். அவர்களுக்காக மக்கெதோனியா, அகாயா, கலாத்தியா பகுதிகளில் இருந்த சபைகளிடம் திருத்தூதர் பவுல் நன்கொடை திரட்டினார். அந்தச் சபைகளில் பெரும்பாலோர் யூதர் அல்லாதவர்கள். எருசலேமில் இருந்தவர்கள் யூத மரபினர். விருத்தசேதனம் வேண்டுமா, எதைச் சாப்பிடலாம், யாரோடு பந்தியில் உட்காரலாம் என்று இரு சாராருக்கும் இடையே கடுமையான சச்சரவு இருந்த காலம் அது. அந்தச் சச்சரவைப் பற்றிப் பேசுவதற்காக நடந்த சந்திப்பைக் குறித்துக் கலாத்தியருக்கு எழுதும்போது, ஏழைகளை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் எருசலேம் சபைத் தலைவர்கள் தங்களிடம் கேட்டுக்கொண்டார்கள் என்கிறார் பவுல். வாதம் ஒரு பக்கம் நடக்கிறது. ஏழையைப் பற்றிய பேச்சில் இரு தரப்பும் ஒரே பக்கம்.

அந்தப் பணத்தை அவர் கையாண்ட முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வரவுக்கு ஏற்ப எடுத்து வைக்கச் சொல்கிறார். தான் வந்த பிறகு அவசர வசூல் நடக்கக்கூடாது என்கிறார். பணத்தைக் கொண்டுபோக, கொடுத்த சபைகளே தேர்ந்தெடுத்த ஆட்களைக் கடிதத்தோடு அனுப்பலாம் என்கிறார். தன் உடன் ஊழியர் தீத்துவோடு இன்னொரு சகோதரரையும் அனுப்பிவைத்து, இவ்வளவு பெரிய தொகையை நிர்வகிப்பதில் யாரும் எங்கள்மேல் குறை சொல்லாதபடி எச்சரிக்கையாக இருக்கிறோம் என்று கொரிந்தியருக்கு எழுதுகிறார். கடவுள் பார்வையில் மட்டுமல்ல, மனிதர் பார்வையிலும் செம்மையாக இருக்க வேண்டும் என்பது அவர் தந்த விளக்கம். நாங்கள் ஊழியக்காரர்கள், எங்களிடம் யார் கணக்குக் கேட்பது என்ற மனப்பான்மை அங்கே இல்லை. இரண்டு கையெழுத்தில்லாமல் பணம் எடுக்க முடியாது என்று இன்றைய கூட்டுக் குழு ஒன்று விதி வைத்தால், அதைப் பவுலே வைத்த விதி என்று தாராளமாகச் சொல்லலாம்.

அண்மைக்கால வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1910-ல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு நடந்தது. சுமார் 1,200 பேர் கூடினார்கள், ஆனால் கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் அதில் இல்லை. 1925-ல் ஸ்டாக்ஹோமில், சுவீடன் பேராயர் நாதன் சோடர்பிளோமின் முயற்சியால், வாழ்வும் பணியும் என்ற நோக்கோடு சபைகள் கூடின. முதல் உலகப்போரில் கிறிஸ்தவ நாடுகளே ஒன்றையொன்று கொன்று குவித்த வேதனை அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் இருந்தது. 1948-ல் ஆம்ஸ்டர்டாமில் 147 சபைகள் சேர்ந்து உலகத் திருச்சபைகள் மன்றத்தை அமைத்தன. 1964-ல், கத்தோலிக்க ஆயர்கள் உலகெங்கிலுமிருந்து கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஆணையை வெளியிட்டது. பசி, எழுத்தறிவின்மை, வறுமை, வீடின்மை போன்றவற்றை எதிர்த்து மற்றச் சபைகளோடு சேர்ந்து பணிபுரியும்படி கத்தோலிக்கர்களுக்கு அது சொல்லிற்று. அதற்குப் பிறகு, அண்டைச் சபையோடு சேர்ந்து உதவி செய்யலாமா என்று ஒரு கத்தோலிக்கர் தயங்க வேண்டிய தேவை இல்லாமல் போனது.

கொள்கை பிரிக்கும், தொண்டு சேர்க்கும் என்ற முழக்கம் ஸ்டாக்ஹோம் காலத்தில் பிரபலம். அதில் பாதிதான் உண்மை என்று நினைக்கிறேன். தொண்டும் பிரிக்கும். பணம், பெயர், புகைப்படம் ஆகியவை வந்தவுடன் அழகாகவே பிரிக்கும். அதைப் பிறகு பார்ப்போம்.

நடைமுறையில் எப்படி இருக்கும்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை அறியாத தமிழர் குறைவு. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிறு மருத்துவமனை அது. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. ஒரே ஒரு மிஷனால் இவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமக்க முடியாது என்பது நாளடைவில் தெளிவாயிற்று. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இந்தியாவிலும் இருந்த பல சபைகள் தோள் கொடுத்ததால்தான் அது முழு மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அங்கே மருத்துவம் பார்த்துக்கொண்டு வீடு திரும்பும் நோயாளிக்கு, தன்னைக் குணப்படுத்திய இடத்தின் பின்னால் எத்தனை சபைகள் இருக்கின்றன என்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

எல்லாரும் மருத்துவக் கல்லூரி கட்ட வேண்டியதில்லை. 2003-ல் லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் லெஸ் ஐசக் என்ற போதகரின் முயற்சியில் தெருப் போதகர்கள் என்ற பணி தொடங்கியது. பெயரில்தான் போதகர், இறங்கிப் பணிசெய்வோர் பல சபைகளிலிருந்து வந்த சாதாரண மக்கள். பயிற்சி பெற்று, வாரக் கடைசியில் இரவு முழுவதும், மதுக்கூடங்கள் மூடும் நேரம்வரை குழுவாகத் தெருக்களில் நடக்கிறார்கள். பையில் தண்ணீர் பாட்டில்களும், கூடவே ரப்பர் செருப்புகளும் இருக்கும். செருப்பு எதற்கு என்று கேட்கத் தோன்றும். நள்ளிரவில் குதிகால் உயர்ந்த காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, உடைந்த பாட்டில் கிடக்கும் நடைபாதையில் வெறுங்காலோடு தள்ளாடி நடக்கும் பெண்களுக்கு. கண்ணாடித் துண்டுகளையும் பொறுக்கி அப்புறப்படுத்துகிறார்கள். தெருவில் நின்று பிரசங்கம் செய்வதில்லை; பேச விரும்புகிறவரின் பேச்சைக் கேட்கிறார்கள். காவல்துறையோடும் உள்ளாட்சியோடும் தொடர்பு வைத்தே நடக்கிறார்கள். ஒரு ஜோடி ரப்பர் செருப்பைக் குனிந்து கொடுப்பதில் எந்தச் சபையின் கொள்கையும் குறைந்துபோவதில்லை.

உணவு வங்கி இன்னொரு வடிவம். இங்கிலாந்தின் சால்ஸ்பரி நகரில் 2000-ம் ஆண்டில் டிரசல் அறக்கட்டளை ஓர் உணவு வங்கியைத் தொடங்கியது. பிறகு அதே முறையைப் பல ஊர்களில் உள்ளூர்ச் சபைகள் எடுத்துக்கொண்டன. ஒரு சபை மண்டபம் தருகிறது, மற்றவை பொருளும் ஆட்களும் தருகின்றன. யாருக்குக் கொடுப்பது என்பதைச் சபையார் முகம் பார்த்து முடிவு செய்வதில்லை. மருத்துவர், சமூகப் பணியாளர் போன்றோர் தேவையைக் கண்டு ஒரு சீட்டுத் தருகிறார்கள். அந்தச் சீட்டோடு வருபவருக்குச் சில நாட்களுக்கான உணவுப் பொருள் கிடைக்கிறது. எங்கள் சபைக்கு வருகிறவரா என்ற கேள்வி எழவே இடமில்லாத ஏற்பாடு அது. அதனால்தான் அதை இங்கே குறிப்பிடுகிறேன்.

யாருக்கு, எதற்காக

இங்கே ஒன்றைத் தயக்கமில்லாமல் சொல்லிவிட வேண்டும். ஊருக்குச் செய்யும் தொண்டு ஊர் முழுவதற்கும் உரியது. வேறு சமயத்தார், சமயமே வேண்டாம் என்பவர், சபையை வெறுப்பவர் உட்பட எல்லாருக்கும். உதவியைத் தூண்டில் புழுவாக்கி ஆள் சேர்க்க நினைத்தால் இரண்டு கெடுதல்கள் நேர்கின்றன. உதவி வாங்குபவரின் தன்மானம் போகிறது. பிடித்த ஆள் எந்தச் சபைக்கு என்ற போட்டியில் கூட்டு முயற்சியும் உடைகிறது.

1994-ல் செஞ்சிலுவை இயக்கமும் பேரிடர் நிவாரண அமைப்புகள் சிலவும் சேர்ந்து ஒரு நடத்தை நெறியை வகுத்தன. தேவை ஒன்றையே அளவுகோலாக வைத்து உதவ வேண்டும், அரசியல் அல்லது சமயக் கருத்தைப் பரப்ப உதவியைப் பயன்படுத்தக்கூடாது என்பவை அதில் அடக்கம். அதை முன்வைத்தவர்களில் உலகத் திருச்சபைகள் மன்றம், லுத்தரன் உலகக் கூட்டமைப்பு, கத்தோலிக்கர்களின் தொண்டு அமைப்பான காரித்தாஸ் ஆகிய மூன்றும் உண்டு. யாரோ வெளியார் சபைகள்மேல் திணித்த கட்டுப்பாடு என்று அதைச் சொல்ல முடியாது. இன்னும் பின்னால் போனால், நான்காம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை எதிர்த்த ரோமப் பேரரசர் ஜூலியன், இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் தாங்குகிறார்களே என்று கடிதத்தில் குறைப்பட்டுக்கொண்டார். எதிரியின் வாயிலிருந்து வந்த அந்தச் சான்று இன்றும் நமக்கு ஓர் அளவுகோல்.

நம்பிக்கையை மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஏன் இதையெல்லாம் செய்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டால் மனம் திறந்து பதில் சொல்லலாம். கேட்கும் உரிமை அவருடையது என்பதை மறக்காமல் இருந்தால் போதும்.

எங்கே தொடங்குவது

பெரிய மாநாடு வைத்துத் தொடங்கிய பல கூட்டு முயற்சிகள் மாநாட்டோடு முடிந்துபோகின்றன. மூன்று நான்கு சபைகளிலிருந்து இரண்டிரண்டு பேர் உட்கார்ந்து பேசினாலே போதும். அவர்களில் ஒருவராவது ஆயரோ போதகரோ அல்லாதவராக இருப்பது நல்லது. ஆயர்கள் மாற்றலாகிப் போவார்கள். சபையார் அதே ஊரில் இருப்பார்கள்.

முதல் வேலை, காது கொடுப்பது. ஊருக்கு என்ன வேண்டும் என்று நமக்கே தெரியும் என்ற நினைப்பை ஒதுக்கி வைத்துவிட்டு வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். பள்ளி ஆசிரியரிடம், சுகாதாரப் பணியாளரிடம், துப்புரவுத் தொழிலாளியிடம், அந்தத் தெருவில் கடை வைத்திருப்பவரிடம் கேட்க வேண்டும். ஏற்கெனவே அந்தத் தேவைக்காக உழைத்துக்கொண்டிருக்கும் வேறு அமைப்பு இருந்தால், அவர்களோடு போய்ச் சேர்ந்துகொள்வதுதான் மரியாதை. போட்டிக்குப் புதிதாக ஒன்று தொடங்க வேண்டியதில்லை.

அடுத்து, கையில் இருப்பதை எண்ணிப் பார்ப்பது. சபைகள் பணத்தைத்தான் முதலில் எண்ணுகின்றன. உண்மையில் பெரிய சொத்து வேறு இடத்தில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறந்து, ஆறு நாள் பூட்டிக் கிடக்கும் மண்டபம். ஓய்வுபெற்ற செவிலியர். கணக்கு எழுதத் தெரிந்தவர். வண்டி வைத்திருப்பவர். இரவில் ஒரு போன் வந்தால் எழுந்து வருகிற இளைஞர் நான்கு பேர். இந்தச் சபையில் இடம் இருக்கும், ஆள் இருக்காது. அந்தச் சபையில் ஆள் இருக்கும், இடம் இருக்காது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது எங்கே பொருந்தும் என்று தெரியும்.

பிறகு ஒரே ஒரு வேலை. சிறியதாக, முடிவு தெரிவதாக இருக்கட்டும். தனியாக வாழும் முதியவர்களை வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு மாதம் விடாமல் செய்து பார்த்த பிறகு அடுத்ததைப் பற்றிப் பேசலாம்.

எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. பொதுப் பணத்துக்குத் தனிக் கணக்கு, இருவர் கையெழுத்து, குறித்த காலத்தில் எல்லாச் சபைகளுக்கும் வரவுசெலவு அறிக்கை. எந்தச் சபை எந்தப் பொறுப்பு. ஒருவர் விலக விரும்பினால் எப்படி. சட்டப்படி பதிவு வேண்டுமா என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சிறுவர்களோடு பழகும் பணி என்றால் பாதுகாப்பு விதிகள் கட்டாயம்: வரும் தொண்டரின் பின்னணியை விசாரிப்பது, எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு பூட்டிய அறையில் தனித்திராமல் பார்த்துக்கொள்வது, புகார் வந்தால் யாரிடம் சொல்வது என்பதை முன்கூட்டியே அறிவிப்பது. எங்கள் சபையில் எல்லாரும் நல்லவர்கள் என்று யாராவது இதைத் தட்டிக்கழித்தால், அந்த இடத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பல நாடுகளில் திருச்சபைகள் இதில் அசட்டையாக இருந்ததற்குக் குழந்தைகள் விலை கொடுத்திருக்கிறார்கள்.

உடையும் இடங்கள்

நான் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டுக் குழுவில், ஒரு மருத்துவ முகாமுக்கான பதாகையில் எந்தச் சபையின் பெயர் முதலில் வருவது என்று ஒன்றரை மணி நேரம் பேசினோம். மூத்த சபை முதலில் என்றார் ஒருவர். அதிகம் பணம் கொடுத்த சபை என்றார் இன்னொருவர். அகர வரிசை என்றார் மற்றொருவர். அவருடைய சபை அகரத்தில் தொடங்கியது. முகாமுக்கு எத்தனை மருத்துவர் வருகிறார்கள் என்ற பேச்சுக்குக் கடைசிப் பத்து நிமிடம்தான் மிஞ்சியது. கடைசியில், எந்தச் சபையின் பெயரும் இல்லாமல், தேதியும் நேரமும் இடமும் மட்டும் எழுதிய பதாகையே தொங்கியது. முகாமுக்கு வந்தவர்களில் ஒருவர்கூட நடத்துவது யார் என்று கேட்கவில்லை. கண் பரிசோதனை எந்த அறையில் என்றுதான் கேட்டார்கள்.

பெயர் ஆசையைவிட ஆழமான இடமொன்று உண்டு. பெரிய சபை, சிறிய சபை என்ற ஏற்றத்தாழ்வு. பணமும் கட்டடமும் உள்ள சபை தன்னையறியாமலே முதலாளி ஆகிவிடும். மற்றவர்கள் எடுபிடி ஆகிவிடுவார்கள். 1910 எடின்பரோ மாநாட்டில் இதைப் பற்றிப் பேசியவர் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. இரண்டு ஆண்டுகள் கழித்து ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அவர் அபிஷேகம் பெற்றார். மிஷனெரிகள் செய்த தியாகங்களை நன்றியோடு சொல்லிவிட்டு, அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று அந்த மேடையில் முடித்தார். கேட்டவர்கள் பலருக்கு அது சுருக்கென்று தைத்தது. நூறாண்டு கழிந்தும் ஊர்க் கூட்டுக் குழுக்களில் அதே ஏக்கம் இருக்கிறது. வீட்டு மாடியில் கூடும் ஜெபக்குழுவின் சகோதரி நாற்காலி அடுக்குவதற்கு மட்டும் அழைக்கப்படுகிறாரா, திட்டம் போடும்போதும் அழைக்கப்படுகிறாரா என்பதை வைத்தே ஒரு குழுவின் ஆரோக்கியத்தைச் சொல்லிவிடலாம்.

வழிபாட்டு வேறுபாடு நினைக்கும் அளவுக்குத் தொல்லை தருவதில்லை. கூட்டத்தைத் தொடங்கும் ஜெபத்தைச் சபைக்குச் சபை மாறி மாறி நடத்தலாம். ஒருவர் எழுதிய ஜெபத்தை வாசிப்பார், இன்னொருவர் கைகளை உயர்த்தி உரத்து ஜெபிப்பார். சில வாரங்களில் பழகிவிடும். திருவிருந்தைச் சேர்ந்து எடுக்க முடியாத வேதனை சிலருக்கு இருக்கும். அந்த வேதனை உண்மையானது. அதைத் தீர்ப்பது ஊர்க் குழுவின் கையில் இல்லை.

போர்வையிலிருந்து வடிகாலுக்கு

சேர்ந்து கொடுப்பது ஒரு படி. ஒவ்வொரு மழைக்கும் நான்கு சபைகளும் ஒழுங்காகப் பட்டியல் போட்டுப் போர்வை கொடுத்தால் முதியவர் நனைந்து கிடக்க மாட்டார். ஆனால் அடுத்த மழையிலும் அவர் வீட்டில் தண்ணீர் புகும். தண்ணீர் ஏன் புகுகிறது என்று கேட்கத் தொடங்கும்போதுதான் ஊரை மேம்படுத்தும் வேலை ஆரம்பமாகிறது.

இதற்கு எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள சான் அன்டோனியோ நகரம். 1970-களின் முற்பகுதியில் அதன் மேற்குப் பகுதியில் மெக்சிகோ வம்சாவளியினர் நெருக்கமாக வாழ்ந்தார்கள். எர்னஸ்டோ கோர்டெஸ் என்ற அமைப்பாளர் அங்குள்ள கத்தோலிக்கப் பங்குகளில், அதாவது ஒவ்வோர் ஆலயத்தையும் சேர்ந்த சமூகங்களில், மக்களைத் தனித்தனியே சந்தித்து, உங்களுக்குப் பெரிய கவலை எது என்று கேட்டுக்கொண்டே போனார். மக்கள் திரும்பத் திரும்பச் சொன்னது மழைநீர் வடிகால். மழை பெய்தால் தெரு ஆறாகும், பிள்ளைகள் பள்ளிக்குப் போக முடியாது. பங்குகள் சேர்ந்து 1974-ல் காப்ஸ் என்ற அமைப்பை உருவாக்கின. உறுப்பினர்கள் நகராட்சி ஆவணங்களைத் தேடிப் படித்தார்கள். தங்கள் பகுதிக்கான வடிகால் திட்டங்கள் பல பத்தாண்டுகளாகக் காகிதத்திலேயே கிடப்பது தெரியவந்தது. பெருந்திரளாக நகர மன்றத்துக்குப் போய்க் கேட்டார்கள். வடிகால் பணிகளுக்கான நிதிக்கு நகர வாக்காளர்கள் ஒப்புதல் தந்தார்கள். வேலை நடந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, பேசியவர்கள் யார் என்பது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த அதே தாய்மார்கள்தான் ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரிகளிடம் கேள்வி கேட்டார்கள். சபை அவர்களுக்காகப் பேசவில்லை. கூடுவதற்கு இடமும், கேட்பதற்குத் துணிவும், பக்கத்தில் நிற்க ஆளும் கொடுத்தது. உதவி பெறுபவர்களைக் குழுவின் மேசையில் உட்கார வைக்காத கூட்டு முயற்சி எவ்வளவு நல்ல மனத்தோடு நடந்தாலும் போர்வையோடு நின்றுவிடும். கட்சி அரசியலில் சாயாமல் இதைச் செய்ய முடியுமா என்று கேட்பார்கள். முடியும். எந்தக் கட்சி ஆண்டாலும் வடிகாலைக் கேட்பது, எந்தக் கட்சிக்கும் மேடை தராமல் இருப்பது என்ற இரண்டையும் சேர்த்துக் கடைப்பிடித்தால் போதும். ஒரு சபை போய்க் கேட்டால் ஒரு பிரிவின் கோரிக்கை என்று ஒதுக்கிவிடலாம். நான்கு சபைகளும், பக்கத்திலுள்ள பிற சமயத்தாரும் சேர்ந்து போனால் அது ஊரின் கோரிக்கை.

மேலே சொன்ன குழுவில் ஒரு மூத்த அம்மா இருந்தார். பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பதாகைச் சண்டை முடிந்த மறுநாள், கோடு போட்ட ஒரு நீள நோட்டு வாங்கி வந்தார். வீட்டு எண், வீட்டில் எத்தனை பேர், என்ன தேவை, யார் எப்போது போய்ப் பார்த்தார் என்று நான்கு கட்டங்கள் போட்டார். சந்துக்குள் இருந்த வீடுகளை முதலில் எழுதினார். இவர்கள் எந்தச் சபை, எந்த மதம் என்று எழுத ஒரு கட்டம் வேண்டாமா அம்மா என்று ஓர் இளைஞர் கேட்டார். அதற்கு நோட்டில் இடம் இல்லை தம்பி என்று சொல்லிவிட்டு அவர் எழுதிக்கொண்டே இருந்தார். நோட்டில் பக்கத்துக்கு இன்னும் இரண்டு விரற்கடை இடம் இருந்தது. அந்த அம்மா இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அவருக்குப் பிறகு வேறு சபையைச் சேர்ந்த ஒருவர் எழுதினார், அவருக்குப் பிறகு இன்னொருவர். இப்போது நடப்பது ஐந்தாவது நோட்டு. கட்டங்கள் நான்குதான்.